நுரையீரல் புற்றுநோய்: கடுமையான மருந்து ஒன்றுதான் வழியா?



ஒரு குடும்பத்தில் புற்றுநோய் என்ற சொல் நுழைந்ததும் இரண்டு குரல்கள் எழுவதைக் காண்கிறோம். "எவ்வளவு செலவானாலும் சரி, இருப்பதிலேயே கடுமையான மருந்தைக் கொடுங்கள்" என்பது ஒரு குரல். "இனி எதற்கு வைத்தியம்? உடம்பை வதைக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவோம்" என்பது மற்றொரு குரல். இரண்டுமே பாசத்தில் பிறந்தவைதாம். ஆனால், முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. நோயைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு வலிமையும், நோயாளி தாங்கும் அளவுக்கு மென்மையும் உடைய மருந்துகளைத் தேர்ந்து கொடுப்பதே அவ்வழி. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் அது ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. மும்பையிலும் புதுச்சேரியிலும்கூட அந்த ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் நம் வீட்டு வாசல்வரை வந்து சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடசென்னையின் மூச்சு

இராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை சென்று பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் தொழிற்சாலைகள். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று டீசல் புகையைக் கக்குகின்றன. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் நிலக்கரியை எரித்து வருகிறது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், சாம்பல் படிந்த நிலமும் நீரும் அப்படியே இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட காலத்தில், இராயபுரத்துத் தாய்மார்கள் கொடியில் உலர்த்திய துணியில் கரித்தூள் படிவதைக் கண்டு சலித்துக்கொண்டதுண்டு.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என 2012-இலும், மாசுபட்ட காற்றே புற்றுநோய்க்குக் காரணி என 2013-இலும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்தது. வார்ப்படத் தொழிலில் கிளம்பும் புகை, மணல் தூசு, கல்நார் ஆகியனவும் அதே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆயினும், இவை அனைத்திற்கும் முன்னால் நிற்கும் முதற் காரணம் பீடியும் சிகரெட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. பணிக்களைப்பில் பற்ற வைக்கும் பீடி, ஏற்கெனவே தூசு நிறைந்த நுரையீரலில் நெருப்பின் மேல் வார்த்த எண்ணெயாகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூடப் புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. அத்தகைய சகோதரியைப் பார்த்து, "என்ன பழக்கம் இருந்ததோ!" என்று முணுமுணுப்பது பெரும் அநீதியாகும். அறிவுக் குறைவும்கூட. புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில், மென்மையான மாத்திரைச் சிகிச்சைக்கு இடமளிக்கும் வகை அதிகம் காணப்படுகிறது. அதைப் பின்னர் விளக்குவோம்.

காசநோயா, புற்றுநோயா?

வடசென்னைக்குக் காசநோய் புதிதன்று. நாள்பட்ட இருமல் என்றால் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ செல்வது இங்குள்ளோர் வழக்கம். அது நல்ல வழக்கமே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

ஆனால் இருமல், எடைக் குறைவு, சளியில் இரத்தம், எக்ஸ்ரே படத்தில் நிழல் என இரு நோய்களும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. சளியில் கிருமி தென்படாத நிலையிலும் படத்தை மட்டும் வைத்துக் காசநோய் மருந்து தொடங்கப்படுவதுண்டு. அவ்வாறு தொடங்கி இரண்டு மாதமாகியும் உடல் தேறவில்லையென்றால், "ஸ்கேன் எடுக்க வேண்டுமா? சதைத்துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே புற்றுநோய் மருத்துவரைச் சந்திக்கிறார்கள். இந்தக் குழப்பத்தில் கழிந்த மாதங்களும் அதற்கு ஒரு காரணமாகும்.

ஒரு வீட்டின் கேள்வி

திருவொற்றியூரில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தந்தைக்கு வயது 68. முப்பது ஆண்டுகள் வார்ப்படத் தொழிற்சாலையில் உழைத்தவர். நோய் நுரையீரலைத் தாண்டி எலும்புக்கும் பரவிவிட்டது; நான்காம் நிலை என்கிறார் மருத்துவர். மூத்த மகன் மனைவியின் நகையை விற்கத் துணிகிறார். மகளோ, "அத்தாவை ஊசி போட்டு வாட்ட வேண்டாம்" என்று கண்ணீர் விடுகிறார். தந்தையை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடந்துபோக முடிந்தால் போதும், பேத்தியின் நிக்காஹ்வைக் கண்ணால் பார்த்தால் போதும்" என்று அவர் சொல்லியிருக்கக் கூடும்.

இந்தப் பதிலில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. எத்தனை நாள் என்பது ஒன்று; எப்படிப்பட்ட நாள் என்பது மற்றொன்று. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயை முற்றாக நீக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, மருந்து வாங்கித் தரும் மாதங்களை மருந்தே தின்றுவிடக் கூடாது. சிகிச்சையின் நன்மையை ஒரு தட்டிலும் அதன் துன்பத்தை மறு தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும். அப்படி நிறுப்பதற்குத் தராசு எங்கே?

ராஸி முதல் சேத்துப்பட்டு வரை

"என் மருந்தால் பத்துப் பேர் தேறினார்கள்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் மட்டும் அம்மருந்து நல்லதாகிவிடாது. அம்மருந்து இல்லாமலே எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்பே இதை உணர்ந்தவர் முஸ்லிம் மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி. மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டும் ஒப்பிட்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற அவரது நெறி நிலைத்துவிட்டது.

இன்று அந்த நெறி மேலும் செம்மையடைந்துள்ளது. ஆய்வில் சேரும் நோயாளிகளை மருத்துவரின் விருப்பப்படி அல்லாமல், குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய மருந்து; மறு பிரிவுக்குப் புதிய மருந்து. பிறகு ஆயுளையும் பக்கவிளைவையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

நமது சென்னையும் இத்தகைய ஆய்வொன்றால் உலகப் புகழ் பெற்றது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, ஓய்வும் ஊட்டமும் கொடுத்தால்தான் குணமாகும் என்று நம்பப்பட்ட காலம் அது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தனர். குடும்பத்தைப் பிரிந்து வாடும் துன்பம் தேவையற்றது என்று நிரூபணமாயிற்று. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாறிற்று.

இலேசான வழி என்பது குறைந்த வழி என்றாகிவிடாது. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சேத்துப்பட்டு கற்றுத் தந்த இந்தப் பாடம் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொருந்துகிறது.

ஊசி மருந்துகளின் கதை

புற்றுநோய் ஊசி மருந்துகளில் முதன்மையானது சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து பெறப்படும் இம்மருந்து 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றணுவைக் கொல்லும் ஆற்றல் மிக்கது. அதே வேளையில் கடும் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காது மந்தம், கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றையும் கொண்டுவரக் கூடியது. இத்தனையும் சகித்துக்கொள்வதால் பயன் உண்டா? 1995-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, முற்றிய நோயில் இம்மருந்து கொண்ட சிகிச்சையால், ஓராண்டு முடிவில் உயிருடன் இருப்போர் 100-க்கு ஏறத்தாழ 10 பேர் கூடுதலாக இருந்தனர். பயன் உண்டு; ஆனால் அது அளவானது.

1989-இல் சிஸ்பிளாட்டினின் தம்பி போன்ற கார்போபிளாட்டின் அனுமதி பெற்றது. சிறுநீரகத்தையும் செவியையும் அவ்வளவாகத் தாக்காது, வாந்தியும் குறைவு. பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல், ஜெம்சிடாபைன் முதலிய துணை மருந்துகளும் வந்தன. எந்த ஜோடி சிறந்தது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் 1200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நான்கு ஜோடிகள் ஒப்பிடப்பட்டன. 2002-இல் முடிவு வெளியானது. நான்கிலும் நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ எட்டு மாதங்களே. ஒன்றும் மற்றொன்றை வெல்லவில்லை. ஆனால், கார்போபிளாட்டின் - பாக்ளிடாக்ஸல் ஜோடியில் உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவுகள் குறைந்திருந்தன. ஆயுள் சமம் என்றால், துன்பம் குறைந்ததைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? அந்த ஆய்வுக் குழுவினரும் அவ்வாறே செய்தனர்.

முதியவர்களின் நிலை என்ன? "எழுபது வயதுக்கு மேல் இரண்டு மருந்து தாங்காது, ஒன்றே போதும்" என்பது நெடுநாள் கருத்தாக இருந்தது. பிரான்சு நாட்டில் 70 முதல் 89 வயதுடைய 451 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒற்றை மருந்து. மறு பிரிவினருக்குக் கார்போபிளாட்டினும், வாரந்தோறும் சிறு அளவாகப் பிரித்துத் தரப்பட்ட பாக்ளிடாக்ஸலும். 2011-இல் வெளியான முடிவின்படி ஒற்றை மருந்தில் இடைநிலை ஆயுள் 6.2 மாதம், ஜோடியில் 10.3 மாதம். ஜோடி மருந்தில் இரத்த வெள்ளணுக்கள் கூடுதலாகக் குறைந்தது உண்மை. அதற்குரிய கண்காணிப்பு தேவை. ஆயினும், வயதை மட்டும் காரணம் காட்டி ஒரு முதியவரைக் கைவிடுவதற்கு நியாயமில்லை என்று தெளிவாயிற்று. மென்மை என்பது மருந்தை மறுப்பதன்று; அளவறிந்து கொடுப்பதாகும்.

மாத்திரை வந்த வழி

2004-ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நேர்ந்தது. சில நுரையீரல் புற்றுகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதும், அந்த மாற்றமே புற்றணுவை ஓயாமல் வளரத் தூண்டுவதும் கண்டறியப்பட்டன. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை அந்தத் தூண்டுதலை அடைக்கிறது. நாளொன்றுக்கு ஒரே மாத்திரை, வீட்டிலிருந்தே விழுங்கலாம். முடி கொட்டுவது குறைவு. முகத்தில் பரு போன்ற தடிப்பும், வயிற்றுப்போக்கும் வரலாம். அரிதாக நுரையீரல் அழற்சியும் உண்டாகலாம் என்பதால், திடீரென மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிழக்காசிய நாடுகளில் 1217 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஊசி மருந்தைவிட நீண்ட காலம் நோயைக் கட்டி வைத்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ நிலைமை தலைகீழ்! மாத்திரை உண்டவர்களுக்கு ஒன்றரை மாதத்திலேயே நோய் மீண்டும் வளரத் தொடங்கிற்று. வாசகர்களே, இதை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை" என்று பரிசோதனையின்றி வாங்கி உண்பது, மென்மையான வைத்தியம் ஆகாது. கைக்குக் கிடைத்த காலத்தை வீணாக்குவதாகும்.

நம் நாட்டில், அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் காணப்படுகிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது இன்னும் அதிகம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், இந்த மாற்றமுள்ள 290 பேரிடம் ஜெஃபிடினிப் மாத்திரையையும் ஊசி மருந்து ஜோடியையும் ஒப்பிட்டு 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் அடங்கியிருந்த காலம் ஊசியில் 5.6 மாதம்; மாத்திரையில் 8.4 மாதம். இங்கே மென்மையானதே வென்றது.

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. மாத்திரையுடன் ஊசி மருந்தையும் சேர்த்தால் என்ன என்று 350 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு சிந்தனைக்குரியது. நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக இரட்டித்தது, ஆயுளும் கூடிற்று. ஆனால் கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் 100-க்கு 25 பேரிலிருந்து 51 பேராக உயர்ந்தனர். எது சிறந்தது? எழுந்து நடமாடும் திடமுள்ள ஐம்பது வயதுக்காரர் இரண்டையும் சேர்த்து ஏற்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவருக்கு மாத்திரை மட்டுமே பொருத்தமாக இருக்கலாம். மென்மையே எப்போதும் சரி என்றும் சொல்வதற்கில்லை. கடுமையே எப்போதும் சரி என்றும் சொல்வதற்கில்லை. ஆளறிந்து, உடல்நிலை அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே ஆய்வுகள் தரும் தீர்ப்பு.

உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் மருந்துகளும் வந்துள்ளன. புற்றணுவின் மேல் பி.டி.எல்.1 என்ற புரதம் மிகுந்திருப்பவர்களிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஊசி மருந்து ஜோடியோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. ஆயுள் கூடிற்று, கடும் பக்கவிளைவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. விலைதான் ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இதற்கு வழி காண மும்பை மருத்துவர்கள் அதே வகையைச் சேர்ந்த நிவோலுமாப் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில் ஓராண்டு உயிர் வாழ்ந்தோர் 100-க்கு 16 பேரிலிருந்து 43 பேராகக் கூடினர். அது வாய், தொண்டைப் புற்றுநோயில் கண்ட பயன். நுரையீரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாமாகக் கொள்ளலாகாது. எனினும், ஏழை நாட்டு மருத்துவர்கள் ஏழை நோயாளிக்காகக் கேட்ட கேள்வி என்ற வகையில் அது போற்றத்தக்கது.

புதுச்சேரி தந்த சிறு மாத்திரை

புற்றுநோயாளியின் வீட்டில் தாயும் மனைவியும் படும் பெருங்கவலை எது? "ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்கிறாரே!" என்பதுதான். பசியின்மையால் எடை குறைகிறது. எடை குறைந்தால் மருந்தைத் தாங்கும் திறன் குறைகிறது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கொரு தீர்வு தேடினார்கள். நுரையீரல், இரைப்பை, கல்லீரல் - கணையம் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் உள்ள 124 பேரை இரு பிரிவாக்கினார்கள். எல்லாருக்கும் வழக்கமான கீமோ சிகிச்சை நடந்தது. அத்துடன் ஒரு பிரிவினருக்கு ஓலன்சபைன் என்ற மலிவான மாத்திரை, 2.5 மில்லிகிராம் என்னும் சிறு அளவில், நாள்தோறும் பன்னிரண்டு வாரம் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. 2023-இல் வெளியான முடிவு வியப்பளிக்கிறது. எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் 100-க்கு 9 பேர். ஓலன்சபைன் பிரிவில் 60 பேர்! பசி திரும்பிற்று, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, கீமோவின் கடும் பக்கவிளைவுகளும் குறைந்தன.

இம்மருந்து பெரிய அளவில் மனநோய்க்குத் தரப்படுவது. ஆகவே மருந்துச் சீட்டில் அதன் பெயரைக் கண்டு, "எங்கள் வாப்பாவுக்கு மனநோயா?" என்று மிரள வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

வலிக்கு மருந்து, தோல்வி அன்று

வலி தணிப்புச் சிகிச்சை என்றால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று பொருள் கொள்வோர் உண்டு. 2010-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரிலிருந்து வந்த ஆய்வு இந்த எண்ணத்தைத் தகர்த்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட, ஏற்கெனவே பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் இருந்தனர். ஒரு பிரிவினருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். மறு பிரிவினருக்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புக் குழுவின் கவனிப்பும். பின்னவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. கடைசி நாட்களில் கடுஞ்சிகிச்சையும் அவர்களுக்குக் குறைவாகவே தரப்பட்டது. அப்படியிருந்தும் அவர்களே நீண்ட நாள் வாழ்ந்தனர்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம்.

மார்ஃபின் மாத்திரை மருத்துவமனைகளுக்கு எளிதில் கிடைக்கும் வகையில் 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். நோயாளியின் வலியைத் தணிப்பதும் வைத்தியமே.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஸ்டான்லி ஆயினும், சென்னை அரசுப் பொது மருத்துவமனை ஆயினும், 1954 முதல் இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிலையம் ஆயினும், செல்லும்போது இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. இது எந்த வகைப் புற்று? எந்த நிலை?

2. ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுப் பரிசோதனைகளும் பி.டி.எல்.1 பரிசோதனையும் செய்தாயிற்றா? முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

3. இந்த மருந்தால் எதிர்பார்க்கும் பயன் என்ன? குணமா, கட்டுப்பாடா, வலிக் குறைப்பா?

4. பயன் குறையாமல் இதைவிட இலேசான ஜோடியோ அளவோ உண்டா?

5. பசி, வாந்தி, வலி ஆகியவற்றுக்கு இன்றே என்ன செய்யலாம்?

6. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்குமா?

"ஆய்வில் சேருகிறீர்களா?" என்று மருத்துவமனையில் கேட்டால் உடனே அஞ்சி ஓட வேண்டாம், படிக்காமல் கையொப்பமிடவும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆய்வின் விளைவாகப் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான வைத்தியம் மறுக்கப்படலாகாது. மேலே கண்ட ஒவ்வொரு உண்மையும், யாரோ ஒரு நோயாளி துணிந்து சேர்ந்ததால் கிடைத்ததே.

நம் கடமை

நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நம்மைப் பணித்திருக்கிறார்கள். வைத்தியம் பார்ப்பது தவக்குலுக்கு மாறானதன்று. கருஞ்சீரகமும் தேனும் நம் வீடுகளில் இருப்பவை. அவற்றை உண்பவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் மாத்திரையின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தாகும். ரமளானில் நோன்பு நோற்க வேண்டுமென்ற ஆவலில் மாத்திரையை விட்டுவிடுவோரும் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. மருத்துவரையும் ஆலிம் பெருமக்களையும் கலந்து முடிவெடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியிடமிருந்து உண்மையை முற்றாக மறைக்காதீர்கள். கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் செய்யவும், மனத்தாங்கல் உள்ளவர்களோடு சமாதானமாகவும், பாவமன்னிப்புத் தேடவும் அவருக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் சுயநினைவும் தெம்பும் வேண்டும். அதைத் தருவதற்காகத்தான் மருத்துவ உலகம் மென்மையான வழிகளைத் தேடி அலைகிறது. எவ்வளவு அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவரையே கேட்டு, மெல்ல மெல்லச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அவரது விருப்பத்தைக் கேளுங்கள்.

ஜமாஅத்தினர்க்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதோடு நின்றுவிடாமல், மரபணுப் பரிசோதனைக்குப் பணமில்லாமல் தவிக்கும் குடும்பத்துக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். காப்பீட்டுத் திட்டத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுக்க இரண்டு படித்த இளைஞர்களை அனுப்புங்கள். பள்ளிவாசல் வாசலில் பீடி பிடிக்கும் தம்பியின் தோளைத் தட்டி, அன்போடு தடுத்து நிறுத்துங்கள். இவையும் மருந்துகளே.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், அவர்களுக்காக உழைக்கும் மருத்துவர்களுக்கு நல்லறிவையும் வழங்கியருள்வானாக! ஆமீன்.